வெற்றிலைச் சிவப்பு

பர்மாவின் மோல்மீனில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே பதினொரு வருடமாக நோயாளிகளிடம் சளி வாங்குவதுதான், அவர்கள் மரியாதையாக ‘சயாமா’ என்று கூப்பிடும் மா யின் நுவேயின் வேலை. வழக்கமான மாத்திரைக்குக் கேட்காத காசநோயை இரண்டே மணி நேரத்தில் காட்டிக்கொடுக்கும் கருவியை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைச் சாறு கலந்த சளியை அதில் போடக் கூடாது என்பது ஆய்வின் விதி. ஊரில் பாதிப் பேர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டேதான் வருவார்கள். அவளுக்கோ மூக்கு நுனியில் கோபம்.

ரிக்‌ஷா ஓட்டும் கோ டின் ஷ்வே மூன்று மாதம் மாத்திரை விழுங்கியும் இளைத்துக்கொண்டே போனார். நோய் எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்தால்தான் மாற்றிக் கொடுக்க முடியும். மனிதரோ வாரம் ஒரு முறை வந்து, மூன்று வாரமும் சிவப்புச் சளியையே கொடுத்தார். மூன்று முறையும் பதிவேட்டில் ‘வெற்றிலை’ என்று எழுதி ஒதுக்கிவிட்டாள்.

நான்காம் வாரம் பொறுமை போயேபோய்விட்டது.

"அண்ணே, உசுரு பெருசா, வெத்தலை பெருசா?"

"பொண்டாட்டியே வெத்தலைக் கடைக்காரி. நான் என்ன பண்றது சயாமா?" என்று இளித்தார்.

அவள் சிரிக்கவில்லை. முற்றத்தில் நிறுத்தி, துப்பும் தண்ணீர் தெளியும்வரை வாய் கொப்பளிக்க வைத்து, அப்புறம்தான் குப்பியை நீட்டினாள். அவர் இருமினார். சளியில் மறுபடியும் சிவப்பு இழையோடியது. அது வெற்றிலை இல்லை, ரத்தம்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. வெத்தலை போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதுல்ல. வீட்ல சொல்லிராதீங்க, அவ பயந்துருவா."

மதியம் முடிவு வந்தது. முக்கியமான மாத்திரை அவரிடம் வேலை செய்யவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. மா யின் நுவேக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

வீட்டில் இருப்பவர்களையும் சோதித்தாக வேண்டும். குப்பியோடு கடைக்குப் போனாள். அவர் மனைவி மா ஸான் யீ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று இவள் தயங்கி நின்றாள்.

"அவரு சட்டையைத் துவைக்கிறவ நான்" என்றாள் மா ஸான் யீ. "வெத்தலைக் கறை எது, ரத்தக் கறை எதுன்னு எனக்குத் தெரியாதா? மறைக்கப் பாத்தாரு. போகட்டும்னு நானும் தினம் நாலு கூடுதலா மடிச்சுக் குடுத்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கினாள்.

"எனக்கும் ஒரு மாசமா இருமல்தான் சயாமா. அவருக்குத்தான் தெரியாது."