ஒரு தேதி போட்டுக் கொடுங்கள்

மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது முதன்முதலாக மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினோம். பிறந்தபோதே மூளைக்கு மூச்சுக்காற்று சரியாகப் போகாததில் அவளுடைய கைகால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. சான்றிதழுக்கான அரசு முகாமில் அவளைப் பார்த்த டாக்டர், "சின்னக் குழந்தை. அஞ்சு வருஷம் கழிச்சு கூட்டிட்டு வாங்க, திரும்பப் பார்க்கலாம்" என்றார். சான்றிதழும் ஐந்து வருடம்தான் செல்லும் என்று ஒரு தேதி போட்டிருந்தது.

அந்தத் தேதியை என் கணவர் அப்படியே பிடித்துக்கொண்டார். "மாறும்னு அவங்களுக்கே தோணியிருக்கு. இல்லன்னா எதுக்கு மறுபடி வரச் சொல்றாங்க?" என்றார். தாம்பரத்தில் பஸ் ஏறுவதற்கு முன் அரை கிலோ மைசூர்பா வாங்கினார். ஊனத்துக்குச் சான்றிதழ் வாங்கிய கையோடு இனிப்புக் கடைக்குப் போன ஆள் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்கு விஷயம் தெரியும். அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தபோது மேஜையில் பதிவு எழுதிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டிருந்தேன். "சின்னப் பிள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடுவோம், அது ரூல்" என்றார். பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாம். மகள் பிறந்ததிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த மனிதர், மைசூர்பாவைப் பிட்டு அவள் வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

ஒரகடம் கம்பெனியில் அவருக்கு வேலை. படப்பை நெரிசலில் மாட்டி, செத்துச் சுண்ணாம்பாகி பொழிச்சலூர் வந்து சேருவார். செருப்பைக் கழற்றியதும் மகளுக்குக் காலைத் தாங்கும் காலிப்பரை மாட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்க வைத்துவிடுவார். அதற்குப் பரீட்சைக்குப் படிப்பது என்று பெயர் வேறு. தெருவில் பத்தாவது பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள். முதல் வருடம் அவளால் நிற்கவே முடியவில்லை. மூன்றாவது வருடம் ஒரு நொடி நின்றாள். ஐந்தாவது வருடம் நான்கு வரை எண்ணும் வரைக்கும் நின்றாள். நானும் கை தட்டினேன். பொய்யாகத் தட்டவில்லை. ஆனால் தட்டும்போதெல்லாம் அந்த மேஜைக்கார அம்மா சொன்ன ரூல் நினைவுக்கு வரும்.

தேதி முடிந்ததும் மாதாமாதம் வந்துகொண்டிருந்த பராமரிப்புத் தொகை நின்றது. பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போவது அதை நம்பித்தான். இ-சேவை மையத்தில் புதுப்பிக்க எழுதிப் போட்டு, மூன்று மாதம் நடையாய் நடந்து, ஒருவழியாக முகாமுக்கு வரச் சொன்னார்கள். முந்தைய வாரம் அவரிடம், "அங்க போய் அவளை நிக்க வைக்காதீங்க. நல்லாதானே நிக்கறான்னு ஊனச் சதவீதத்தைக் குறைச்சுட்டா அந்தப் பணமும் போயிடும்" என்றேன்.

"பெத்தவ பேசற பேச்சா இது?" என்று கேட்டார்.

நானும் பதிலுக்கு நன்றாகக் கத்தினேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காது கேளாத மகளோடு வந்திருந்த ஒரு பெண் எங்கள் பழைய சான்றிதழை எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, அஞ்சு வருசம்தான் போட்டுகீதா? பர்மனண்டா போடச் சொல்லுக்கா. சும்மா சும்மா புள்ளைய தூக்கினு வந்து யாரு பேஜார் படறது? எனுக்கு இப்பதான் போட்டுக் குடுத்தாங்க" என்று காகிதத்தை ஆட்டிக் காட்டினாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். மகளின் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், பாப்பா நிப்பா" என்றார் என் கணவர். அவரே மகளைத் தூக்கி, மேஜை விளிம்பைப் பிடிக்க வைத்து, கையை எடுத்தார். புதுச் சட்டை, வழிய வழிய எண்ணெய் வைத்த தலை. நின்றாள். நான்கு எண்ணினார். மடங்கி விழப்போனவளைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"வெரி குட்" என்று டாக்டர் மகளின் கன்னத்தைத் தட்டினார். "விடாம செய்ங்க சார், நல்லது. சதவீதம் ஒண்ணும் குறையாது, கவலைப்படாதீங்க. இந்தத் தடவை நிரந்தரம்னு போட்டுடறேன். இனிமே நீங்க அலைய வேண்டாம்."

"இல்ல மேடம், அஞ்சு வருஷம்னே போடுங்க."

"எதுக்கு சார்? திரும்ப வந்து நிக்கணும், பணம் நிக்கும்."

"பரவால்ல மேடம், நாங்க வரோம். மூணு வருஷம்னாலும் சரி. ஒரு தேதி மட்டும் போட்டுக் குடுங்க மேடம்."

வெளியே வரிசையில் நின்ற எல்லோரும் எந்தத் தேதியிலிருந்து தப்பிக்கப் பார்த்தார்களோ, அதை இவர் கையேந்திக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிரந்தரம்னே போட்டுடுங்க டாக்டர்" என்றேன்.

என் கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"மொத நாளே" என்றேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். மகளை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் நீ தனியாவா இதை வச்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

நிறுத்தத்தில் அத்தனை பேர் பார்க்க, அப்போதுதான் நான் அழுதேன்.