எழுபத்திரண்டு மணி நேரம்

அக்கா புருஷனை நான் அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்தபோது அவர் டாங்கிப் படையில் கேப்டன். பிற்பாடு தூதரகங்களுக்கு அனுப்பினார்கள், ராணுவத்தின் பிரதிநிதியாக. மூன்று நாடு, ஒன்பது வருடம். அணிவகுப்பு, விருந்து, கைகுலுக்கல்.

"டாங்கி ஓட்டின மனுஷன் இப்ப தட்டு ஏந்திட்டு நிக்கிறார்" என்பாள் அக்கா.

"பக்கத்துத் தட்டுக்காரன் என்ன நினைக்கிறான்னு தெரிஞ்சிக்கத்தாண்டி சம்பளம்."

மூன்றாவது நாட்டில், நான் வேலை பார்த்த ஊரிலேயே வந்து சேர்ந்தார்கள். பதினாறு வருடம் கழித்து அக்கா உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் உதிரம் பட்டது. விமானம் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த வாரம்தான் நம் அரசு, நம் நாட்டிலிருந்த இந்த நாட்டு ராணுவப் பிரதிநிதியை உளவாளி என்று சொல்லி வெளியேற்றியது. கெடு மூன்று நாள். சாயங்காலமே பதிலடியாக அத்தானுக்கும் அதே கடிதம், அதே மூன்று நாள்.

அவர் உடனே தலைமையகத்துக்குப் போன் போட்டார். "சார், அவங்க ஆளுக்குப் பத்து நாள் குடுங்க. இங்க எனக்கும் தானா கிடைக்கும்."

"டிவியில மூணு நாள்னு சொல்லியாச்சே, கர்னல்."

"என் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கா சார்."

"கேட்டுப் பார்க்கறேன்."

மறுநாள் இந்நாட்டு ராணுவத் தொடர்பு அதிகாரியைப் பார்க்க ஓடினார். இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். அவர் மாடிக்குக் கூப்பிடவில்லை; கார் நிறுத்துமிடத்துக்கே இறங்கி வந்தார். "உங்க ஆளுங்க ஒரு நாள் குடுத்தா நானும் ஒரு நாள் குடுப்பேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் தலைமையகத்துக்கு ஏழு தடவை போன் செய்ததை நான் எண்ணினேன். மூன்றாம் நாள் காலை அங்கிருந்தே அழைத்தார்கள்.

"அஞ்சு நாளுக்கு அனுமதி வாங்கிட்டேன், கர்னல். ஆனா அந்த ஆளு நேத்தே குடும்பத்தோட விமானம் ஏறிட்டாராம். இனி யாருக்குக் குடுக்கறது?"

அத்தான் "சரிங்க சார்" என்றார். அப்புறம் தொடர்பு அதிகாரிக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் பார்த்த இந்நாட்டு அரசு, நோயாளி மட்டும் தங்கலாம் என்றது. கட்டில் அட்டையில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அத்தான் பெயரை அடித்து என் பெயரை எழுதினார்கள்.

மதியம் வழியனுப்ப இந்நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர் வந்து வார்டு வாசலில் நின்றார்கள்.

"போயிட்டு வாங்கன்னு சொல்லவும் வழியில்ல. திரும்ப விடமாட்டாங்களே" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லாத. அசையாமப் படு, போதும்."

"புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

அவர் என் பக்கம் திரும்பினார். "ராத்திரி பகல் பார்க்காத, எது நடந்தாலும் கூப்பிடு" என்றார். சரி அத்தான் என்றேன். அவர் கண் அக்காவின் கால்மாட்டில் தொங்கிய அட்டையிலேயே இருந்தது.

லிஃப்ட் திறந்தே நின்றது. அத்தான் அதைத் தாண்டிப்போய், நான்கு மாடியையும் படிவழியே இறங்கினார். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்கள்.