கதவுக்கு வெளியே ஒரு சோடி சப்பாத்து

மூடியிருந்த ஒரு கதவுக்கு வெளியே வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்து ஒரு சோடி. நாடாவை அவிழ்க்காமல் குதிகாலை அழுத்திக் கழற்றியிருந்தாலும், சுவரை ஒட்டி, முனை வெளிப்பக்கம் பார்க்க, மிக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. 1979ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஈப்போவில் நான் வேலை பார்த்த இடைநிலைப்பள்ளியில், சமையல் வகுப்பறைக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் அறை இருந்தது. அதன் வாசலில்தான் அதைக் கண்டேன். கையில் நாளிதழிலிருந்து வெட்டிய வேலை விளம்பரங்களோடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளிருந்து மனையியல் டீச்சரின் குரல் கேட்டது.

“சப்பாத்து எங்க?”

“வெளிய இருக்கு அக்கா.”

“ஏன், இது கோயிலா? நான் என்ன சாமியா? போயி மாட்டிக்கிட்டு வா லா. வந்து கதவத் தட்டு.”

வெறும் காலுறையோடு வெளியே வந்த ஐந்தாம் படிவ மாணவி என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சப்பாத்தை மாட்டினாள், கதவைத் தட்டினாள், உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றேன். அந்தச் சப்பாத்து ஏன் வெளியே கிடந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் பிறந்தது சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே ஆபீசுக்குப் போகிறவர் செருப்பைப் படியிலேயே விட்டுவிடுவார். கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்பார். நாற்காலி காலியாகவே இருந்தாலும் அது அவருக்குப் போட்டதில்லை. என் அப்பா அப்படித்தான் நின்றார். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அந்தப் படியைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவின் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கூடவே கொண்டுபோனார்கள். நேர்காணலுக்கு அழைத்த அதிகாரிகள் காலுறையோடு வந்து நின்று, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், தரையைப் பார்த்துப் பேசும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். இதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான். கண்டுபிடித்த டீச்சரோ பாகான் செராயில் வயலுக்கு நடுவே மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். தோட்டத்து ஆபீசின் படியை அவர் மிதித்ததே இல்லை.

அந்த இடம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் உண்டு. 1977 முதல் பள்ளியின் தொழில் வழிகாட்டி ஆசிரியர் நான்தான். நாளிதழ் படிப்பவன், படித்ததை வெட்டி நாள் எழுதி வைப்பவன் என்பதால் தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நானும் குறை வைக்கவில்லை. நூலகத்துக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை வாங்கச் செய்தேன். ஒவ்வொரு வேலைக்கும் தேவையான கல்வி, வயது, விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் எல்லாவற்றையும் என் கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். கடைசி நாள் முடிந்த விளம்பரம் ஒன்று ஒரு காலைகூட அங்கே தொங்கியதில்லை. மாணவர்கள் அந்தப் பலகைக்கு முன்னால் கூட்டமாகத்தான் நின்றார்கள். சில மாதங்கள் அதைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். பிறகு ஒருநாள் அருகில் போனபோதுதான் தெரிந்தது. பையன்கள் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைசீவிக்கொண்டிருந்தார்கள்.

மனையியல் டீச்சர் வந்து சேர்ந்தது 1979 ஜனவரியில். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். வந்த மூன்றாம் மாதமே மாணவிகள் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பள்ளியில் ஓர் ஆசிரியரை அண்ணன், அக்கா என்று கூப்பிடுவதை நான் அதுவரை கேட்டதில்லை. தலைமையாசிரியர் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். என்னை எல்லோரும் சார் என்றார்கள். அந்தச் சொல் அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் யாருடைய அனுமதியும் கேட்காமல் அந்தச் சாமான் அறையைக் காலி செய்தார். ஒரு மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. மேசைமேல் எங்கிருந்தோ கொண்டுவந்த, இணைப்பே இல்லாத ஒரு பழைய தொலைபேசி. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே வா என்ற பிறகு வரவேண்டும். உட்கார் என்ற பிறகு உட்கார வேண்டும். அப்பா என்ன வேலை என்று கேட்டால் தலையைக் குனியக் கூடாது. “பால்மரம் வெட்டுறாருன்னு நேரா பாத்துச் சொல்லு. திருடுனாரா என்ன?” என்பார். சொல்லும் வரை விடமாட்டார். சில பிள்ளைகள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் யாராவது அந்த அறையைப் பற்றிப் புகழ்ந்து பேசினால் நான் திருத்த வேண்டிய நோட்டுகளை அருகில் இழுத்துக்கொள்வேன். வேலை உலகத்தை அறிந்துகொள்ளத் தகவல்தான் முதல் படி, நாடகம் பிறகு என்று ஒருமுறை சொன்னேன். “ஆமா சார், ஒங்க பலகையப் பாத்துதான் பிள்ளைங்கள நானே வேலைக்கு அனுப்பி வைக்கிறேன்” என்றார் அவர். கிண்டலே இல்லாமல் சொன்னார். கிண்டல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் தங்கை அப்போது ஈப்போவின் புந்தோங் பகுதியில் என்னோடு தங்கி அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். 1981 தொடக்கத்தில் ஐந்தாம் படிவ முடிவு வந்தது. நல்ல தேர்ச்சி. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். விளம்பரம் என் பலகையில் இருந்ததுதான். நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. தோட்டத்தில் அம்மாவுக்கு அந்த ஆண்டு முழங்கால் வலி அதிகம். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சித்திரைக்குள் ஏதாவது அமைந்தால் சரி, இல்லாவிட்டால் அவள் திரும்பி வந்து அம்மாவுக்கு ஒதுக்கிய ரப்பர் மரங்களில் பாதிக்குப் பால் வெட்டட்டும். கிராணியிடமும் பேசி வைத்துவிட்டார். அப்பா கொடுமைக்காரர் அல்லர். இருட்டோடு எழுந்து மரத்துக்கு மரம் நொண்டும் மனைவியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். தங்கைக்கு இருந்தது அந்த ஒரு கதவுதான்.

நான் அவளைத் தயார் செய்தேன். சாப்பிடும்போதும் கேள்விதான். சுகாதார அமைச்சர் யார், பேரா மாநிலத்தில் எத்தனை மாவட்டங்கள், மலேரியாவைப் பரப்பும் கொசு எது. அவள் சோற்றைப் பிசைந்தபடியே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வாள். எனக்குத் திருப்தி. ஆனால் மாலையில் நான் வீட்டுக்கு வரும்போது அவள் இருப்பதில்லை. பள்ளியை முடித்த பிறகும் பஸ் ஏறி அந்தச் சாமான் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“நான் சொல்லித் தர்றது போதலையா?” என்றேன்.

“போதும் அண்ணே. நீங்க என்ன சொல்லணும்னு சொல்லித் தர்றீங்க. அக்கா எப்படி உக்காரணும்னு சொல்லித் தர்றாங்க.”

“உக்கார்றதுக்கு ஒரு பாடமா?”

“எனக்கு வரலியே.”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். என் சொந்தத் தங்கை, என் கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு, வேறொருத்தரை அக்கா என்று சொல்லி நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொண்டு வருகிறாள். அவர் அந்த அறையில் அவளைப் பார்த்து என்னவெல்லாம் சிரித்திருப்பார், அவளும் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் புழுங்கினேன்.

நேர்காணல் நாளன்று என் மோட்டார் சைக்கிளில் அவளை அழைத்துப் போனேன். நீண்ட நடைவழி, பெஞ்சுகள், பளபளக்கத் தேய்த்த சிமெண்டுத் தரை. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். கதவருகில் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். முனை வெளிப்பக்கம் பார்த்தது. எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ. தங்கை என் கையைத் தொட்டு, “பாவம் அண்ணே” என்றாள். அந்தப் பெண் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள்.

தங்கையின் முறை வந்தது. தட்டினாள், சப்பாத்தோடு உள்ளே போனாள். சன்னலின் கண்ணாடிச் சட்டங்களுக்கு இடையே எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வெள்ளை உடையில் ஒரு மலாய்த் தலைமைத் தாதி. தங்கை நின்றாள். அவர் கையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள், முதுகை நிமிர்த்தி, முழு நாற்காலியிலும். எங்கள் வீட்டில் யாரும் எந்த ஆபீசிலும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த முதுகு என் பாடம் இல்லை.

சற்று நேரத்தில் குமாஸ்தா வெளியே வந்து, பாதுகாவலர் யார் என்று மலாயில் கேட்டார். பயிற்சிக்குப் பின் சில ஆண்டுகள் அரசாங்க வேலையில் இருக்கவேண்டும், அதை வீட்டாருக்கு விளக்க வேண்டும் என்றார். நான் எழுந்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன், கதவைத் தட்டினேன், உள்ளே போனேன். தலைமைத் தாதி உட்காரச் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லி நின்றேன். பயிற்சி விதிகளைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டேன். தங்கை என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் மெல்ல என் பக்கம் தள்ளி, உதடு அசையாமல் சொன்னாள்.

“அண்ணே, உக்காருங்க. சப்பாத்து வெளியவே இருக்கட்டும்.”

அப்போதுதான் தரையின் குளிர்ச்சி என் உள்ளங்காலில் ஏறியது. எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. எத்தனையோ கல்வி இலாகா அலுவலகங்களுக்குப் போய் வந்தவன் நான். அங்கெல்லாம் போனது ஆசிரியர். அன்று அந்தக் கதவுக்குள் போனது ஒரு பால்வெட்டுக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. இடது காலுறையின் ஓட்டையில் பெருவிரல் தெரிந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது புந்தோங் கோயிலருகே வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். பிறகு சொன்னேன்.

“டீச்சர்கிட்ட இதச் சொல்லிடாத.”

“எத அண்ணே?” என்றாள் பின்னாலிருந்து. அவள் உடம்பு சிரிப்பில் குலுங்குவது வண்டியிலேயே தெரிந்தது.

அவளுக்கு இடம் கிடைத்தது. சித்திரை பிறப்பதற்குள் கடிதம் வந்தது. அப்பா கிராணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பள்ளிச் சபைகூடலில் தலைமையாசிரியர் மனையியல் டீச்சரின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பிறகு என் பலகையையும் குறிப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைகள்தாம் முதலில் நின்றன.

அடுத்த மாதம் அந்தச் சாமான் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டாவது நாற்காலி ஒன்று வந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு அப்பா அம்மாக்களும் வந்தார்கள். தகப்பன்கள் கூச்சத்தோடு கதவைத் தட்டுவதும், டீச்சர் உள்ளிருந்து “சப்பாத்தோட வாங்கண்ணே, உக்காருங்க, உங்க வீடு மாதிரி லா” என்பதும் நடைவழிவரை கேட்டது. டீச்சரிடம் சொல்லிவிட்டாயா என்று நான் தங்கையைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? டீச்சரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, ஒரு தகப்பன் வரமுடியாமல் போனபோது, “சார், கொஞ்சம் அப்பாவா வந்து உக்கார முடியுமா? நீங்கதான் நல்லா செய்வீங்க” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் போனேன், சப்பாத்தோடு. வேறு யாராவது என்னைக் கேலி செய்திருந்தால் கோபித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவரோ என் அவமானத்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த என் பெயரைக் கழுவிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒன்றாக்கிவிட்டார். அப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைக்கும்போதுதான் பொறாமை இன்னும் சூடாக எழுகிறது.

அவர் 1986இல் கணவருக்கு மாற்றலாகி வேறு மாநிலம் போனார். அந்த அறை மறுபடியும் சாமான் அறையானது. பலகை நான் ஓய்வு பெறும் வரை தொங்கியது. கண்ணாடியில் மட்டும் கீறல் விழுந்திருந்தது. தங்கையும் தலைமைத் தாதியாகி ஓய்வு பெற்றுவிட்டாள். அவளுடைய பிரிவு விருந்தில் நன்றி சொன்ன பெயர்களில் முதலாவது அக்கா, இரண்டாவது அண்ணன். வரிசையைக் கவனித்தேன். அவளும் நான் கவனித்ததைக் கவனித்தாள்.

போன மாதம் ஒரு வேலையாக ஈப்போவில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அதிகாரியின் அறைக் கதவு மூடியிருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவருகில் போனதும் வலது குதிகால் தானாகச் சப்பாத்திலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அப்படியே நின்றேன். போயி மாட்டிக்கிட்டு வா என்றது ஒரு குரல். பத்து ஆண்டுகள் நான் வழிகாட்டிப் பொறுப்பில் இருந்து, எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். என் தலைக்குள்ளேயாவது அந்தக் குரல் என்னுடையதாக இருந்திருக்கலாம். அவருடையதாக இருந்தது.

குதிகாலை உள்ளே தள்ளினேன். கதவைத் தட்டினேன்.