ஜெபக்குமார் அளந்து சொன்ன பனியன்

ஜெபக்குமாரை முதலில் பார்த்தபோது போலீஸ் ஆள் என்றுதான் நினைத்தேன். திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். வேலைக்கு மனு அனுப்ப வந்தேன் என்று சொல்லிவிட்டு வேறெதையோ பார்க்கிறவர்கள்தான் பாதிப் பேர். அடையாள அட்டை கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவன் நான் கேட்பதற்கு முன்பே அட்டையை நீட்டினான். நோட்டில் பெயரை அழகாக எழுதினான். நான் நேரத்தைச் சரியாகக் குறித்தேனா என்று எட்டியும் பார்த்துக்கொண்டான். இப்படிப்பட்டவனை எப்படி நம்புவது?

அவன் எழுந்து போனதும் என்ன பார்த்தான் என்று தோண்டிப் பார்த்தேன். அது என் பழக்கம், அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. கால்பந்து. அதுவும் மைதானத்தில் ஆடுவது இல்லை, கம்ப்யூட்டரில் ஆடுவது. அதுவும் அக்டோபரில்தான் கடைக்கு வரப்போகும் ஆட்டம். 2008 ஜூலையில் அதன் நாலைந்து படங்களை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். அந்தப் படங்களின் கீழே உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கவா ஒருவன் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டுச் சாப்பிடாமல்கூட ஓடி வருகிறான் என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடித்தான் போனது.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். நடக்கத் தெரிந்த நாளிலேயே மணலில் பந்து உதைத்தவன். மாதா கோயில் திருவிழாப் போட்டி ஒன்றில் முழங்கால் போய்விட்டது. படகுக்கும் ஆகாது பந்துக்கும் ஆகாது என்று ஆனபின் இங்கே வந்து, என் கடைக்குப் பின்தெருவில் இருக்கும் பழனிமுத்து கவுண்டரின் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றான். நான் பார்த்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது இருக்கும்.

செக்கிங் ஆட்கள் எல்லோரும் பனியனை நல்ல பக்கம் விரித்துப் பார்ப்பார்கள். இவன் எதை எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிவிடுவான். தையல் பிசிறு, நூல் விட்ட இடம் எல்லாம் அங்கேதான் இருக்கும் என்பான். டீக்கடையில் வடையைப் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டான். கிறிஸ்துமஸுக்குச் சட்டை வாங்கப் போன கடையில் ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிக் குவித்ததில், கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு வேறு கடைக்கு அனுப்பி வைத்தாராம். யார் நல்ல வார்த்தை சொன்னாலும் அதன் உள்பக்கம் என்ன என்று யோசிக்கிற ஆள். என்னைப் போலவே ஒருவன் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அந்தப் படங்களைப் பார்த்து ரசிகர்கள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. பிரேசில்காரன் ஒருவன் புல்லைப் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தான். போலந்துக்காரன் கோல்கீப்பரின் வியர்வையை எண்ணிச் சொன்னான். எகிப்துக்காரனுக்கு மட்டும் நடுவரின் மீசை பிடிக்கவில்லை. யாராவது குறை சொன்னால், நீ போட்டிக் கம்பெனியின் ஆள் என்று பத்துப் பேர் பாய்வார்கள். பாராட்டினால், நீ இந்தக் கம்பெனியிடம் கூலி வாங்கினவன் என்று வேறு பத்துப் பேர். அவனவன் அடுத்தவனைச் சந்தேகப்பட்டான்.

"அண்ணாச்சி, இவனுவ எல்லாம் சாம்பிளப் பாத்துட்டு ஆடுதானுவ" என்றான் ஜெபக்குமார்.

எங்களூரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குக் காட்டுகிற சாம்பிள் பீஸைத் தைக்கத் தனி டெய்லர், தனித் துணி, தனி நூல். மொத்தச் சரக்கு வருகிறபோதுதான் சங்கதி தெரியும். முன்கூட்டியே விடுகிற படமும் அப்படித்தான் என்பது அவன் கட்சி. அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினான். படத்தில் ஓடுகிறவனின் பனியன் அட்டை மாதிரி நிற்கிறது, பின்னிய துணி என்றால் கை வீசும்போது அக்குளிலிருந்து குறுக்கே இழுபடும், இவர்கள் துணியைத் தொட்டதே இல்லை என்று எழுதினான். சிரித்தார்கள். அவனுடைய இங்கிலீஷைப் பார்த்தும் சிரித்தார்கள். அதையெல்லாம் அவன் பொருட்படுத்தவில்லை.

சனியன் பிடித்தது வேறு இடத்தில். படங்களில் ஒன்று, ஐரோப்பாவில் பேர்போன ஒரு கிளப்பின் ஆட்டக்காரனைக் காட்டியது. புது சீசனின் புதுப் பனியன் என்று கீழே பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதே கிளப்பின் ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் காட்டன் பனியன், அதே புது டிசைனில், அந்த மாதம் பழனிமுத்துவின் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில்தான் அது வெளியே தெரிய வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது என்பது பையரின் கண்டிஷன். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கழிவு பீஸைக்கூடக் கத்தரித்துத்தான் வெளியே போடுவார்கள். ஜெபக்குமார் இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை. என் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் படத்தைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. இது போன வருஷத்துப் பனியன், நம்பரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று எழுதிவிட்டான். பொய்யன், உனக்கு எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மூன்றாம் நாள் பிரேசில்காரன், ஆதாரம் கொடு, இல்லையென்றால் வாயை மூடு என்று எழுதினான்.

செக்கிங் மேசையில் டெய்லருக்கும் செக்கருக்கும் வாய்த்தகராறு வந்தால் யாரும் சத்தம் போட்டு ஜெயிப்பதில்லை. டேப்பை எடுத்து மேசையில் வைப்பார்கள். அளவு சொன்னால் முடிந்தது, எதிராளி பேசாமல் பீஸை வாங்கிக்கொண்டு போய்விடுவான். பத்து வருஷம் அப்படியே சண்டை தீர்த்துப் பழகியவன், அங்கேயும் டேப்பை வைத்தான். புதுப் பனியனின் கழுத்துப்பட்டி இரண்டு சென்டிமீட்டர், அதன் விளிம்பில் அரை சென்டிமீட்டர் கருநீலம், தோளில் வெள்ளைக் கோடு கிடையாது, பக்கவாட்டில் ஆறு சென்டிமீட்டர் வெட்டு, தினமும் அளக்கிறேன் என்று எழுதினான். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஊர் திருப்பூர் என்று முதல் நாளிலிருந்தே இருந்தது.

வியாழக்கிழமை பையர் ஆபீஸிலிருந்து மெயில் வந்துவிட்டது. திருப்பூரில் இந்த டிசைனைத் தைப்பது ஒரே கம்பெனிதான். அளவை வெளியே விட்டது யார், திங்கட்கிழமைக்குள் பெயர் வேண்டும்.

செக்கிங் மேசையில் நிற்கிறவன் இங்கிலீஷில் எழுதுவான் என்று யாருக்குத் தோன்றும்? சந்தேகம் நேராக நதியாவின் மேல் போய் விழுந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண், பி.காம். படித்தவள், ஆபீஸில் பையருக்கு மெயில் அனுப்புகிற வேலை. அளவு எழுதிய பேப்பர் எல்லாம் அவள் மேசையில்தான் இருக்கும். தெற்கத்திக்காரி, தனியாக ஹாஸ்டலில் இருக்கிறாள், இதெல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. இந்த வேலை போனால், காரணம் இன்னதென்று தெரிந்தபின், இந்த ஊரில் வேறெந்த ஏற்றுமதிக் கம்பெனியும் அவளைப் படியேற விடாது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் செங்கோட்டையன் என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க கிட்டுசாமி, நம்ம கம்பெனிப் பொம்பளப் புள்ளைக யாராச்சும் இங்க வந்து கம்ப்யூட்டர்ல உக்காருதுகளா?"

"இல்லீங்க. பொம்பளப் புள்ளைக யாரும் வரதில்லீங்க" என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பையன்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டு எடுத்தால் இன்னும் எத்தனை பேர் விவகாரம் வெளியே வருமோ என்று என் கடையைக் காப்பாற்றிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பிரவுசிங் சென்டருக்கு வரவில்லை என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயேதான் செய்திருக்கிறாள் என்று அங்கே போய் முடிவு கட்டிவிட்டார்கள். என் வாயால்தான் அவள் கழுத்தில் சுருக்கு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெபக்குமார் வந்தான். சவரம் செய்யாத முகம். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

"அண்ணாச்சி, மேனேஜர் இங்க வந்தாராமே. என்ன சொன்னிய?"

சொன்னேன். அவன் என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நானும் மூணு நாளா அவ முன்னாலதான் நிக்கேன். வாயத் தொறக்க முடியல. இந்த வேலையும் போச்சுன்னா ஊருக்குப் போயி என்ன செய்யன்னு பயம். நாளைக்கு நீங்க நோட்டோட வாங்க. நான் ஒருத்தனாச் சொன்னா நம்ப மாட்டாவ."

திங்கட்கிழமை காலையில் போனோம். பழனிமுத்து தன் நாற்காலியில் இருந்தார். நதியா ஓரமாக நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். ஜெபக்குமார் சுற்றி வளைக்காமல், எழுதினது நான்தான் மொதலாளி என்றான்.

பழனிமுத்து அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏந் தம்பி, அந்தப் புள்ளைக்கும் உனக்கும் என்ன?"

அறை முழுக்க அந்தக் கேள்வி பரவியதைப் பார்த்தேன். செங்கோட்டையன் இருமினார். நதியாவின் முகம் சுண்டிப் போனது. வேலை மட்டும்தான் போவதாக இருந்தது, இப்போது பெயரும் சேர்ந்து போகிறது. நல்லது செய்யப் போனவன் இன்னொரு பழியைக் கொண்டுபோய் அவள் தலையில் போட்டான்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. அளவு செக்கிங் டேபிள்லயும் இருக்கு. தெனமும் டேப்பு வைக்கவன் நான்."

நான் நோட்டை நீட்டினேன். தேதியும் நேரமும் அவன் கையெழுத்தும் இருந்தன. பழனிமுத்து வாங்கக்கூட இல்லை.

"நோட்டுல யாரு வேணும்னாலும் எழுதலாமுங்க கிட்டுசாமி. மூணு நாளைக்கு முந்தி பொம்பளப் புள்ளைக வரதில்லைன்னு சொன்னது நீங்கதானுங்களே. அன்னைக்கு இவன் பேச்சே எடுக்கல, இன்னைக்கு இவனக் கூட்டிட்டு வர்றீங்க. எதை நம்பறது?"

நான் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"அப்ப எல்லாரும் வாங்க. உங்க கண்ணு முன்னால தெறந்து காட்டுதேன்" என்றான் ஜெபக்குமார்.

என் கடைக்கு வந்தோம். அந்தச் சின்ன இடத்தில் முதலாளி, மேனேஜர், நதியா, நான். அவன் அடித்த பாஸ்வேர்ட் இரண்டு தடவை தப்பாகப் போனது. செங்கோட்டையன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் தடவை திறந்தது. அவன் பெயர், அவன் எழுதியது, திருப்பூர், எல்லாம் திரையில் வந்து நின்றன.

அதன் கீழே நூற்றுக்கும் மேலே பதில்கள். முந்தின நாள் ஆட்டக் கம்பெனி புதுப் படங்களை வெளியிட்டிருக்கிறது. அதில் அந்தக் கிளப்பின் பனியன் மாறியிருந்தது. கழுத்து விளிம்பில் கருநீலம், தோளில் வெள்ளைக் கோடு இல்லை.

"என்ன எழுதியிருக்குது? படி கண்ணு" என்று பழனிமுத்து நதியாவிடம் சொன்னார். நாலு நாளில் அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அவள் படித்துத் தமிழில் சொன்னாள். திருப்பூர்க்காரனிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இந்தக் கூட்டத்தில் நம்பக் கூடிய ஒரே ஆள் அவன்தான். ஆட்டம் எப்படி இருக்கும் என்று அவன் சொன்னால் வாங்குகிறேன். பிரேசில்காரன், அண்ணா, நீ எங்கே போனாய் என்று நாலு தடவை கேட்டிருந்தான். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

ஜெபக்குமார் திரையைப் பார்க்கவே இல்லை. உலகமே அவனை நம்பிய அந்தப் பத்து நிமிஷம் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பழனிமுத்து பெருமூச்சு விட்டார். "உம் பேரத்தான் எழுதோணும் தம்பி. பையர் விட மாட்டான். நாளையில இருந்து வராத." கோபம் இல்லாமல்தான் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவர் நதியாவைப் பார்த்து, "நீ போயி வேலையப் பாரு கண்ணு, நேரமாச்சு" என்றார்.

நதியா நகரவில்லை.

"நான் வரல சார். வேற எங்கயாச்சும் பாத்துக்கிர்றேன். நாலு நாளா ஆபீஸ்ல அத்தனை பேரும் எங்கிட்ட வந்து நீ ஏன் செஞ்சேன்னு கேட்டாங்க. நீ செஞ்சியான்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

இதைச் சொல்லும்போது அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. ஜெபக்குமாரைத்தான் பார்த்தாள்.

"நீங்களும்தாண்ணே வந்து அதையே கேட்டீங்க. வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஹாஸ்டல் பக்கம் நடந்து போனாள்.