மூன்றாவது கோடு

அலுவிகாரையில் கடல் மீன் வளர்க்கும் பைத்தியக்காரி யாரென்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்தப் பைத்தியக்காரி என் மதினி நிஹ்லா. முன்னறையில் சட்டை தைப்பாள். மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரேயொரு கிளவுன் மீன். மலைப் பக்கத்தில் கடல் மீன் தங்காது என்று சொல்லாத ஆள் இல்லை. "சொல்லுறவங்க சொல்லட்டும்" என்று வளர்த்துக் காட்டினாள். அவளுடைய கணவர், என் கூடப்பிறந்த மூத்தவர் ஸுஹைல் நானா, திருகோணமலைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவார்.

போன பெருநாளுக்கு மறுநாள் அவர் ஒரு பொலித்தீன் பையோடு வந்து இறங்கினார். உள்ளே இன்னொரு மீன். தனியாகக் கிடக்கும் மீனுக்கு ஜோடியாம்! வீடு நிறைய விருந்தாளிகள். "மீனுக்குக் கல்யாணம்!" என்று பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தைக்கூட விட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

நிஹ்லா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றது.

"இது வேற ஜாதிங்க. உள்ள விட ஏலாது."

"என்னா வேற? அதே கறுப்பு, அதே வெள்ளைக் கோடு" என்றார் என் வீட்டுக்காரர் முத்தலிப். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது பாருங்கள்!

"நல்லாப் பாருங்க. என்னோடதுக்குக் கோடு ரெண்டுதான், வால் மஞ்சள். இதுக்கு வாலடியில மூணாவது ஒண்ணு இருக்கு, வாலும் வெளிறிக் கிடக்கு. என்னோடது சீபே, இது கிளார்க். இந்தச் சின்னத் தொட்டியில என்னோடது இதைக் கடிச்சே கொன்னுரும்."

நானாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. முத்தலிப் விடுவாரா? "மச்சான் ஆசையா கொண்டு வந்திருக்காரு, இவ பெரிய டொக்டர் மாதிரி கதைக்கிறா!" என்று பையைப் பிடுங்கி முடிச்சை அவிழ்க்கப் போனார். நிஹ்லா தொட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"ஊத்துறதுன்னா என் கை மேல ஊத்துங்க."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "பையை அவகிட்டக் குடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் கொடுத்துவிட்டார். அவள் மீனை, லொறியில் வந்த கடல் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டுக் காற்றுக் குழாயைப் போட்டாள்.

மறுநாள் காலையில் லொறி கிளம்பும்போது வாளியோடு முன் சீட்டில் ஏறினாள். என் வாப்பா வாசலுக்கு ஓடி வந்தார்.

"லொறியில பொம்புள போறதா? சனம் என்ன சொல்லும்?"

"கடல் மீனைக் கடல்ல விடப் போறாள்னு சொல்லுங்க மாமா."

நானா இஞ்சினை ஸ்டார்ட் செய்தார். அவருக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்து விட்டவர் அவர்தான்.

திருகோணமலையில் அந்த மீனைப் பிடித்தவரின் வள்ளத்திலேயே கடலுக்குள் போய், பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள். முகமெல்லாம் வெயில், புடவையெல்லாம் உப்பு. அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் முன் சீட்டில் அவள்தான். வாப்பாவும் சனத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

போன வாரம் நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எங்கடி போற?" என்று முத்தலிப் கத்தினார்.

"கடல் பார்க்க."

அவர் பதில் யோசிப்பதற்குள் லொறி அடுத்த ஊர் பலாபத்வலையைத் தாண்டியிருக்கும். கல்யாணம் முடித்துப் பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன்.