வலைக்கு வெளியே பட்ட பந்து

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பந்தை உதைக்கிற கால்தான் முதலில் தெரியும். உதைத்த சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேரும். மைதானத்தின் அந்தக் கோடியில் ஆட்டம் நடக்கும்போது இந்த இடைவெளி இன்னும் நன்றாகப் புரியும். பந்து உயரக் கிளம்பி, கடல் பக்கத்திலிருந்து வருகிற காற்றில் லேசாக ஒதுங்கத் தொடங்கிய பிறகு, ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு "தொப்" கேட்கும். பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுத் தரையின் சூடு பாயையும் தாண்டி மேலே வரும். கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்தால் உப்புப் படிந்த சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். பத்து வயதில் எனக்குக் கால்பந்து என்றால் இந்தச் சூடும் இந்தச் சத்தமும்தான்.

காயல்பட்டினத்தில் கல்யாணமான பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டிலேயே இருப்பார்கள். மாப்பிள்ளைமார்தான் வந்து போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் என் உம்மாவும், உம்மாவின் தங்கையான நூரு சாச்சியும், இருவருக்கும் இளையவரான சலீம் மாமாவும் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பா அபுதாபியில் இருந்தார்கள். சாச்சியின் மாப்பிள்ளை துபாயில் ஒரு துணிக்கடையில் இருந்தார்கள். சலீம் மாமா நடை பழகுகிற வயதிலேயே அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தடுத்து இறந்துபோனதால், மாமாவைத் தூக்கி வளர்த்தது இந்த இரண்டு அக்காமார்தான்; எங்கள் பேச்சில் லாத்தாமார். அப்போது அவர்களுக்கும் பெரிய வயதொன்றும் இல்லை.

மைதானத்துக்குள் பெண்கள் போகிற வழக்கம் அப்போது கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தைத் தாண்டினால் மைதானம் என்பதால், ஆட்டம் இருக்கிற நாளில் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிடுவார்கள். அடுத்த வீட்டு பல்கீஸ் மாமி ஒரு தூக்குச்சட்டி நிறைய இறால் வைத்துச் சுட்ட "வாடா" என்ற பலகாரம் கொண்டுவருவார்கள். மாமிக்கு ஆட்டத்தைவிட ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான் பிடிக்கும். போன வாரம் ஜெயித்த கட்சி எதுவோ, இந்த வாரம் மாமி அந்தக் கட்சி.

எங்கள் அணிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு; யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது "கிளப்பு". மாவட்ட லீக்கில் இரண்டாம் பிரிவில் பல வருடங்களாகக் கிடந்த கிளப்பு அந்த வருடம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்துக்கொண்டே வந்தது. முதல் பிரிவுக்குப் போவதை ஊரில் "ஏறுவது" என்பார்கள். மீன்காரி கூடையை இறக்கும்போது "ஏறிருவோமா லாத்தா?" என்று கேட்பாள்; தையல்காரர் அளவெடுக்கும்போது கேட்பார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வழக்கம்போல "ஏறு, ஏறு" என்று கத்தினால்கூட நிற்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஏறுவோமா என்ற கேள்வியைவிட, எப்படி ஆடி ஏறுவது என்பதில்தான் சண்டை. கிளப்பில் ஹமீது என்று பனைமர உயரத்துக்கு ஒரு முன்கள ஆட்டக்காரர் இருந்தார். பின்னாலிருந்து பந்தை அவர் தலைக்குத் தூக்கி அடித்துவிட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்பது ஒரு கட்சி. அதற்கு "தூக்குப்பந்து" என்று பெயர். பந்தைத் தரையிலேயே வைத்து, காலுக்குக் காலாகக் கொடுத்து வாங்கி முன்னேற வேண்டும் என்பது இன்னொரு கட்சி, அது "தரைப்பந்து". தரைப்பந்து ஆட நடுக்களத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் எங்கள் சலீம் மாமா. ஒல்லியாக, தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் பந்து அவர்கள் காலுக்கு வந்துவிட்டால் மைதானம் முழுக்கக் கொஞ்சம் நிதானமாகிவிடும். இந்த இரண்டு கட்சிச் சண்டையையும் மாமா டீக்கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்வார்கள். "டீ குடிக்கிறவன் பூரா கோச்சுதான்" என்று கடை அண்ணாச்சி அலுத்துக்கொள்வாராம்.

எங்கள் மாடியிலும் அதே பிளவுதான். உம்மா தரைப்பந்து; சாச்சி தூக்குப்பந்து. ஆரம்பத்தில் அது சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது. மாமா பந்தை நிறுத்தி, திரும்பி, பின்னால் நிற்கிறவருக்குக் கொடுத்தால் சாச்சி தலையில் அடித்துக்கொள்வார்கள். "முன்னால போகச் சொன்னா பின்னால போறான் பாரு! கோல் இங்கனயா இருக்கு?" என்பார்கள். ஹமீது தலைக்கு மேலே பந்து போய் வேலிக்கு வெளியே விழுந்தால் உம்மா சாச்சியைத் திரும்பிப் பார்க்காமலே, "பந்தைக் கடல்ல போய் எடுத்துட்டு வரச் சொல்லு, நூரு" என்பார்கள்.

ஆனால் சீசன் முடிவை நெருங்க நெருங்க அந்தப் பேச்சில் ஒரு சூடு ஏறியது. தட்டை வைக்கிற சத்தத்திலும் கதவைச் சாத்துகிற சத்தத்திலும் அது தெரிந்தது. பந்தை எப்படி உதைத்தால் என்ன, அதற்காக அக்காவும் தங்கையும் இப்படியா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் சமையற்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது விளங்கிவிட்டது. துபாயில் சாச்சியின் மாப்பிள்ளை வேலை செய்த கடையில் மாமாவுக்கு ஒரு இடம் பேசி, விசாவுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நம்பிக்கையான ஆள் உடனே வேண்டும், மாமா வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற நிலை. அங்கே தனியாக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கிற தன் மாப்பிள்ளைக்கு மாமா துணையாகப் போக வேண்டும், மாமாவுக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும் என்று சாச்சிக்கு. இந்தச் சீசன் முடியட்டும், கிளப்பு ஏறட்டும், அதற்குமேல் அவனே சொல்லட்டும் என்று உம்மாவுக்கு.

"பந்தைத் தூக்கி அடிச்சா அவன் இல்லாமலே கிளப்பு ஜெயிக்கும் லாத்தா" என்றார்கள் சாச்சி. குரல் உடைந்திருந்தது. "அவன் இல்லைன்னா ஒண்ணும் நடக்காதுன்னு நீதான் அவன் மனசுல ஏத்தி வச்சிருக்கே."

உம்மா மீன் செதிலைக் கையிலிருந்து வழித்துப் போட்டுவிட்டு, "அவன் இல்லாம நடக்கும்னு அவனுக்கு எப்படிளா சொல்லுவே நீ? வளத்தவளா நீ?" என்றார்கள்.

அந்தக் கடைசி வார்த்தை சாச்சியைக் கொன்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். வளர்த்தது இருவரும்தானே. சாச்சி எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே பாயில் தொழுதார்கள், உப்பு வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். மாடியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் பல்கீஸ் மாமி தூக்குச்சட்டியோடு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தவித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா போன் செய்வார்கள். நலம் விசாரித்த கையோடு கேட்பது கிளப்பைத்தான். அந்த வாரம் உம்மாவின் குரலைக் கேட்டே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டு, மாமாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். மாமா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "இல்ல மச்சான்... ரெண்டு லாத்தாமாரும் பேசிக்கிட மாட்டேங்காங்க... நான் யாரு பக்கம் மச்சான் நிக்கது?" என்றார்கள். வாப்பா என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், ஆலந்தலை அணியோடு. ஜெயித்தால் நாங்கள் ஏறலாம். சமமாக முடிந்தால் அவர்கள் ஏறுவார்கள். ஆலந்தலைக்காரர்களுக்குக் கடலில் வலை இழுத்துப் பழகிய தோள்கள். மோதினால் நம் ஆட்கள்தான் விழுவார்கள். முதல் பாதியில் மாமா தரையிலேயே பந்தை நகர்த்தி நகர்த்தி அவர்களை ஓடவிட்டார்கள். கோல் விழவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் அவர்கள் ஒன்று போட்டுவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற எங்கள் கோச் இரண்டு கைகளையும் மேலே வீசி, தூக்கி அடிக்கச் சொல்வது எங்களுக்குத் தெரிந்தது. தூக்கி அடித்தார்கள். ஹமீது தலையால் முட்டி ஒன்றைத் திருப்பிப் போட்டார். சாச்சி கூச்சல் போட்டுக்கொண்டு துள்ளினார்கள். உம்மாவும் கை தட்டினார்கள், ஆனால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். அந்தக் கோடிக் கோல் பக்கம் மாமாவுக்குப் பந்து கிடைத்தது. எப்போதும்போல நிறுத்தினார்கள், திரும்பினார்கள், இருவரைத் தாண்டினார்கள். தரையில்தான் கொடுக்கப்போகிறார்கள் என்று மைதானமே நினைத்தபோது, பந்தின் அடியில் காலைக் கொடுத்து, மெதுவாக, ஒரு குழந்தையைத் தூக்கிவிடுவதுபோல ஹமீதுவின் தலைக்குத் தூக்கிவிட்டார்கள். ஹமீது குதித்து முட்டினார். வலை உப்பிக்கொண்டு எழுந்தது.

"கோல்!" என்று மாடி அலறியது. உம்மா ஒரு மூலையிலிருந்தும் சாச்சி இன்னொரு மூலையிலிருந்தும் எப்படி வந்தார்கள் என்று தெரியவில்லை, நடுவில் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முக்காடு இரண்டும் விழுந்துகிடந்தன. "தூக்கினான் பாத்தியா லாத்தா, தூக்கினான்" என்று சாச்சியும், "தரையில எவ்வளவு தூரம் கொண்டுவந்தான் பாத்தியாளா" என்று உம்மாவும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே சொன்னார்கள். நான் அவர்கள் இடுப்புக்கிடையில் நுழைந்துகொண்டேன்.

மைதானத்திலிருந்து எந்தக் கூச்சலும் வரவில்லை.

பல்கீஸ் மாமிதான் முதலில் பார்த்தார்கள். "ஏளா, அவங்க கோல்கீப்பரு பந்தை எடுத்து வச்சு அடிக்கப் போறான். கோல் இல்லளா அது. வலைக்கு வெளிய, பக்கத்துல பட்டிருக்கு" என்றார்கள். எங்கள் இடத்திலிருந்து பார்க்க உள்ளே போனதுபோலத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டது. ஆலந்தலைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். நம் ஆட்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் உம்மாவும் சாச்சியும் கட்டிய கையை விடவில்லை. விழாத கோலுக்காகக் கட்டிக்கொண்டவர்கள், விழவில்லை என்று தெரிந்தபிறகும் அப்படியே நின்றார்கள். எவ்வளவோ பெரிய வெற்றிகளைப் பிறகு பார்த்துவிட்டேன். அந்தப் பந்து ஒரு சாண் உள்ளே போயிருக்கலாம் என்று மட்டும் எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அது பட வேண்டிய இடத்தில்தான் பட்டது.

மாமா மஃரிபு தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "சின்ன லாத்தா, மச்சானுக்குச் சொல்லிரு. நான் வாரேன்" என்றார்கள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. இத்தனை நாள் போ போ என்று நின்ற சாச்சி, "இன்னும் ஒரு சீசன் ஆடிட்டுப் போயேம்லே... அவ்வளவு பக்கத்துல வந்துட்டு" என்று விசும்பினார்கள். போகக்கூடாது என்று நின்ற உம்மா, "போய்ட்டு வரட்டும்ளா. அவனுக்குத் தெரியாதா?" என்று மாமாவின் தட்டில் மீனை எடுத்து வைத்தார்கள். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கமா நில்லுங்க" என்றார்கள். வீடே சிரித்தது. அவ்வளவு நாளைக்குப் பிறகு உம்மா, "நூரு, அந்த உப்பை எடு" என்று நேராகவே கேட்டார்கள்.

மாமா போனார்கள். அடுத்த வருடமே கிளப்பு ஏறியது, வேறு பையன்களை வைத்து. அன்றைக்குத் துபாயிலிருந்து வந்த போனில் மாமா கேட்டது ஒன்றுதான்: "தரையிலயா, தூக்கியா?" உம்மா தரையில் என்றார்கள். சாச்சி ரிசீவரைப் பிடுங்கி, "பொய் சொல்லுதா, தூக்கித்தான்" என்றார்கள். இரண்டு ஆட்டத்தையும் கேட்டுக்கொண்டு மாமா அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பல வருடம் அங்கே இருந்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து, அதே டீக்கடையில் கோச்சாக இருக்கிறார்கள்.

நான் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒரு அலுவலகத்தில் வேலை. விடுமுறைக்குக் காயல்பட்டினம் போனால் மாடிக்குப் போகிறேன். மைதானம் தெரிவதில்லை. பின்சுவரை ஒட்டிக் கிடந்த துண்டு நிலத்தில் மூன்று மாடி வீடு எழும்பிவிட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. பல்கீஸ் மாமி இறந்து வெகுநாளாகிறது. அந்தக் கைப்பக்குவத்தில் "வாடா" சுட யாரும் இல்லை. மாடியில் கூட்டமாக உட்காரும் பழக்கமே தெருவில் போய்விட்டது. ஆட்டத்தைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். உம்மாவும் சாச்சியும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எறும்பு ஓடுத மாதிரி இருக்கு" என்று மூடிவைத்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு ஆட்டத்தன்று, அந்த மூன்று மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து எங்களை மேலே வரச் சொன்னாள். உம்மாவுக்கு முழங்கால் படியேற விடாது. உம்மா வராமல் சாச்சி வரமாட்டார்கள். நான் மட்டும் போனேன். மறுபடியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்ற பயத்தில் கிளப்பு ஆடிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் கோல் போட்டதும் கீழே போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள்.

"எப்படி விழுந்துச்சுளா?" என்று இரண்டு குரலும் சேர்ந்து கேட்டன.

நடந்ததை அப்படியே சொன்னேன்: பாதி மைதானம் வரைக்கும் தரையில் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து தூக்கி அடித்தார்கள்.

"நான் சொன்னேம்லா" என்றார்கள் உம்மா. "நான்லா சொன்னேன்" என்றார்கள் சாச்சி. பிறகு என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள் தொடங்கிவிட்டார்கள். நான் போனை வைக்காமல், அந்த வீட்டு மாடியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சண்டை போட இருவரும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.