தாடியில்லாப் பூவுக்கு ஒரு குளிர்காலம்

தருவைகுளம் சாலையில் இருந்த ஐஸ் கம்பெனிக்கு மீன் இல்லாமல் ஐஸ் வாங்க வந்தவள் பிளாரன்ஸ் ஒருத்திதான். சாக்குப் பையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, மீனு எங்க?" என்றார் கம்பெனி முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி. சிறு பிள்ளையிலிருந்து அவளைப் பார்த்தவர்.

"மீனுக்கு இல்ல அண்ணாச்சி, செடிக்கு."

"செடிக்கு ஐஸா? பேசாம அதக் கொடைக்கானல்ல கட்டிக் குடுத்துரு. புருசன் வீட்டுலயாவது குளுகுளுன்னு இருக்கட்டும்."

சுமை ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பையை மட்டும் மூடவில்லை.

அது 1976 மார்கழி. ஈரானில் நர்ஸ் வேலை பார்த்தவள், அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினாள். அப்பாவை அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கட்டிலுக்கடியில் அவள் பெட்டி இன்னும் முழுக்கப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஈரானில் பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பர்விஸ், ஐரிஸ் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் வகைகளைப் பிரித்தறிய அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். மடிந்து தொங்கும் கீழிதழில் விரலை ஓட்டு. கம்பளிப்பூச்சி போல முடி தட்டுப்பட்டால் தாடியுள்ளது. வழுவழுவென்று போனால் தாடியில்லாதது. தாடியில்லாதவற்றுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. அந்த ஊர் உப்பு ஏரிக்கரைப் புல்வெளியின் ஊதாப்பூ ஒரு பிரிவு. இதழ் இடையில் ஒடுங்கி நுனியில் வட்டமாக விரியும். காயின் மூலைகளில் இரட்டை வரம்பு ஓடும். அங்கே அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் குளத்தில் நிற்கும் மஞ்சள்பூ, தண்ணீரை விட்டு விலகாத வேறொரு பிரிவு. வெறும் இலையாக நிற்கும்போது இரண்டும் அவளுக்கு ஒன்றுதான்.

அந்தப் புல்வெளியில் வைத்துத்தான் பர்விஸ், "இங்கேயே இருந்துவிடேன்" என்றான். அவள் ஒரு காயைப் பிளந்து விதை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

கிளம்பும் நாளில் இரண்டு கிழங்குகளைத் தோண்டினாள், புல்வெளியில் ஒன்று, குளத்தில் ஒன்று. வழியில் ஒன்று அழுகிக் கூழாகிவிட்டது. மற்றது இங்கே இத்தனை நாளும் வெறும் இலைதான் விட்டது. பிழைத்தது எது? பூத்தால்தான் தெரியும். பூக்க அதற்கொரு குளிர்காலம் வேண்டும். தூத்துக்குடியில் அதற்கு எங்கே போவது?

மீன்பெட்டியில் உமியைக் கொட்டி, செடி இருந்த தொட்டியை நடுவில் இறக்கி, சுற்றிலும் ஐஸை அடைத்தாள்.

"பெத்த தாய்க்கு ஒரு சோடா வாங்கித் தந்திருப்பியாளா?" என்றாள் அம்மா பிலோமினா. "கோரப்புல்லுக்கு ஐஸ் வைக்கா!"

ஆனாலும் பிளாரன்ஸ் வேலைக்குப் போன நாட்களில் ஐஸ் குறையாமல் பார்த்துக்கொண்டது பிலோமினாதான். முணுமுணுத்துக்கொண்டே சாக்கை இழுத்து மூடுவாள். ஐஸ் உருகி முற்றம் நனைந்தால் அதற்கும் திட்டுவாள்.

மாசியில், தவக்காலத்தில் தண்டு எழும்பியது. மொட்டு பச்சையாகவே நின்றதால் நிறம் தெரியவில்லை. பிளாரன்ஸ் வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அதன் முன் குந்தியிருந்தாள். ஊதாவாக இரு என்று அதனிடம் சொல்லவும் செய்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"பூத்துட்டுளா! மஞ்சமஞ்சேர்னு, என்னா அழகு!"

பிளாரன்ஸ் முற்றத்துக்குப் போனாள். கீழிதழில் விரலை ஓட்டினாள். முடி இல்லை. தாடியில்லாததுதான். ஆனால் ஈரான் ஆஸ்பத்திரிக் குளத்துப் பூ. தினமும் வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்துச் சலித்த பூ.

"இதுக்கா இவ்வளவு நாளும் கெடந்து தவிச்ச?"

"இதுக்கு இல்லம்மா. ஊதாப்பூ ஒண்ணுக்கு. இது அதுக்குச் சொந்தக்காரப் பூ."

பிலோமினா பூவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பூவ விடு. அங்கன யாருளா இருக்கா?"

பிளாரன்ஸ் விரலை இதழிலிருந்து எடுக்கவில்லை.

"பர்விஸ்" என்றாள். அந்த வீட்டில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.